மூன்று நாள் நின்ற லாரிகள்

1

"டெல்லியில் கால் நூற்றாண்டு: நம்ம ஊர்ப் பெண்ணின் வெற்றிப் பயணம்" என்று தலைப்பையும் நீங்களே போட்டு அனுப்பிவிட்டீர்கள். நாலு பக்கம் எழுத வேண்டும், ஹெல்மெட் மாட்டிக்கொண்டு ரோட்டில் நிற்கிற போட்டோ ஒன்றும் வேண்டும் என்று கடிதம். லாரித் தொழில்காரர்களின் ஆண்டு மலர்; லாரிக்காரர் மகள் தலைநகரத்தில் நெடுஞ்சாலை இன்ஜினியர். படிக்கிறவர்களுக்குப் பெருமையாகத்தானே இருக்கும்? உங்களைக் குறை சொல்லவில்லை.

போன வருஷம் கேட்டிருந்தால் சிரித்துக்கொண்டே எழுதியிருப்பேன். அதற்கான சரக்கெல்லாம் என்னிடம் இருக்கிறது. தெய்வானை என்ற பெயர் இங்கே எவர் வாயிலும் நுழையாமல், முதல் மாதச் சம்பளச் சீட்டிலேயே தேவயானி ஆனேன். பிறகு பேங்கிலும் அதுவே, ரேஷன் கார்டிலும் அதுவே. பாஸ்போர்ட்டுக்குப் போனபோது, பள்ளிச் சான்றிதழில் இருக்கிற தெய்வானை யார் என்று கேட்டான் கவுன்டரில் இருந்த மகராசன். நான்தான் என்றேன். "நீங்கள்தான் தேவயானி ஆயிற்றே மேடம், அப்புறம் இவர் யார்?" என்றான். இரண்டு பேரும் ஒருத்தியேதான் என்று நோட்டரியிடம் எழுதி வாங்கிக்கொண்டு மறுபடி வரிசையில் நின்றேன். டிசம்பரில் உறைந்துபோன தேங்காய் எண்ணெயை அடுப்புப் பக்கத்தில் வைத்து உருக்கியது, இந்தி புரியாமல் நாலு நிறுத்தம் தள்ளி இறங்கி நடந்தது என்று இதையெல்லாம் எழுதினால் நாலு பக்கம் என்ன, எட்டுப் பக்கம் வரும்.

எனக்கு இப்போது அதற்கு மனசு இல்லை. ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்துவிட்டு உட்கார்ந்திருக்கிறேன். அதற்கு முன்னால் ஒரு பெண் செத்துப்போனாள். இரண்டுக்கும் பின்னால், எட்டு வருஷத்துக்கு முன் நான் ஊருக்குப் பேசிய ஒரு போன் இருக்கிறது. அதைத்தான் எழுதப்போகிறேன். படிக்கிற உங்களில் பாதிப் பேருக்கு அந்த போனைப் பற்றித் தெரியும். தெரியாத மாதிரி முகத்தை வைத்துக்கொள்ளாதீர்கள்.

2

டெல்லியின் கிழக்குப் பக்கமாக வெளியே போகும் ஒரு சாலை. பெயர் வேண்டாம். திறந்து ஐந்து வருஷம் ஆகிறது. இருபது வருஷம் தாங்க வேண்டும் என்று கணக்குப் போட்டுப் போட்டது. மூன்றாவது மழைக்கே இடது தடத்தில் லாரிச் சக்கரம் ஓடுகிற இரண்டு கோடுகளும் உள்ளே இறங்கிவிட்டன. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு நேர் இரும்புப் பட்டையை வைத்து, அதற்கடியில் கையை விட்டுப் பார்த்தேன். மூன்று விரலை அடுக்கி நுழைக்க முடிந்தது.

இப்படிப் பள்ளம் விழுந்த தடத்தில் எந்த டிரைவர் ஓட்டுவான்? லாரி நடுத் தடத்துக்கு வரும். நடுவில் போன கார் வலது தடத்துக்கு ஏறும். அங்கேயும் இடமில்லாதவன் மண் ஓரத்தில் இறங்கி ஹாரனை அழுத்திக்கொண்டே இருப்பான். மூன்று தடச் சாலை ஒன்றரைத் தடமாகிவிட்டது. நொய்டாவிலும் காஜியாபாத்திலும் வேலை செய்கிறவர்கள் ஒரு மணி நேரம் முன்னதாகக் கிளம்பப் பழகிக்கொண்டார்கள். இதில் இன்னொரு கொடுமை, ஓடுகிற லாரியைவிட நின்று நின்று ஊர்கிற லாரி தாரை அதிகமாக அழுத்தும். ஆக, பள்ளத்தால் நெரிசல், நெரிசலால் இன்னும் பள்ளம்.

எல்லாரும் விட்டுப்போன அந்த இடது தடத்தில் வருகிறவர்கள் பைக் ஓட்டுகிறவர்கள். மழை பெய்தால் சக்கரக் கோட்டில் தண்ணீர் தேங்கி நிற்கும். மேலே பார்த்தால் ரோடு சமமாகத்தான் தெரியும். போன மழைக்காலத்தில் ஒரு காலை, மனைவியைப் பின்னால் உட்காரவைத்துக்கொண்டு ஒருவர் அதில் வந்தார். பைக் சறுக்கியது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அந்தப் பெண் நடுத் தடத்தில் போய் விழுந்தாள். பின்னால் வந்த லாரிக்காரன் பிரேக்கை மிதித்துத்தான் பார்த்தான். அவள் பெயர் எனக்குத் தெரியும். அதை எழுதுகிற தகுதி எனக்கு இல்லை.

ரோடு போட்ட கம்பெனி மீது போலீஸ் வழக்குப் போட்டது. கம்பெனி என்ன செய்யும்? "தரக் கட்டுப்பாடு இவர் பொறுப்பு" என்று சொல்லி ஒரு ஆளை முன்னால் நிறுத்தியது. அந்த ஆள்தான் தினேஷ். வயது முப்பத்தைந்து இருக்கும். புலந்த்ஷஹருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர். மனைவி, ஸ்கூல் போகிற ஒரு பெண் குழந்தை. பதினோரு நாள் உள்ளே இருந்துவிட்டு ஜாமீனில் வந்திருந்தான்.

சாலை ஏன் கெட்டது என்று கண்டுபிடிக்க மூன்று பேர் கொண்ட குழு போட்டார்கள். அதில் என்னையும் போட்டார்கள். அந்தச் சாலைக்கான ஆரம்பக் கணக்கெடுப்பைச் செய்தவளே நான்தான் என்பது அவர்களுக்குத் தெரியாது. அப்போது நான் வேறொரு நிறுவனத்தில் இருந்தேன். அறிக்கையின் அட்டையில் நிறுவனத்தின் பெயர்தான் இருக்கும். குழுவில் சேரும்போது ஒரு படிவம் நீட்டினார்கள்: "இந்தச் சாலைப் பணியோடு எனக்கு இதற்குமுன் எந்தத் தொடர்பும் இல்லை." மாட்டேன் என்றால் ஏன் என்று கேட்பார்கள். கையெழுத்துப் போட்டேன். தேவயானி என்று.

3

லாரிக்காரர்களுக்கு நான் லாரியைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. எங்கள் வீட்டு வாசலில் ஒரு வண்டி நிற்காத நாள் கிடையாது. நாமக்கல்லில் பாடி கட்டும்போதே, "பின்னால ஒரு பட்டை சேத்திப் போடு" என்று அப்பா சொல்லிவிடுவார். கம்பெனிக்காரன் கொடுத்த ஸ்பிரிங் பட்டைக்கு மேல் இன்னொரு பட்டை. எழுதியிருக்கிற எடைக்கு மேல் எவ்வளவு ஏற்றலாம் என்பதெல்லாம் அந்தப் பட்டையில் இருக்கிறது. ஏற்றாமல் ஓட்டினால் டீசலுக்கே பத்தாது என்று நீங்கள் சொல்வீர்கள். அதுவும் எனக்குத் தெரியும். அந்த ஓவர்லோடில்தான் நான் சேலத்தில் இன்ஜினியரிங் படித்தேன்.

உங்களுக்குத் தெரியாத ஒன்று இருக்கிறது. அதைக் காலேஜில்தான் தெரிந்துகொண்டேன். ஒரு அச்சில் இருக்க வேண்டிய எடையைப்போல் இரண்டு மடங்கை ஏற்றினால், ரோட்டுக்குச் சேதம் இரண்டு மடங்கு இல்லை. கிட்டத்தட்டப் பதினாறு மடங்கு. உலகம் பூராவும் ரோடு போடுகிறவர்கள் இந்தக் கணக்கை வைத்துத்தான் தாரின் கனத்தை முடிவுசெய்கிறார்கள். கார்கள் கணக்கிலேயே வராது. லட்சம் கார் போனாலும் ரோட்டுக்கு வலிக்காது. ஏறிப்போகிற லாரிகள்தான் கணக்கு. எத்தனை லாரி, எத்தனை எடை. அது தெரியாமல் ரோடு போட விதி சொல்கிற எந்தத் தரநூலைப் பிரித்தும் பயனில்லை.

அதனால் ரோடு போடுமுன் எடைக் கணக்கெடுப்பு செய்வோம். ரோட்டோரம் எடைத் தட்டுகளைப் பதித்து, போலீஸ்காரர் கை காட்டி நிறுத்துகிற லாரிகளை ஒவ்வொரு அச்சாக அதில் ஏற்றி இறக்குவோம். எதில் கோட்டைவிட்டாலும் ஒன்றில் மட்டும் விடக்கூடாது: என்றைக்கு, எந்த இடத்தில் என்பது வெளியே தெரியக்கூடாது. அபராதம் போடுவது எங்கள் வேலை இல்லை. ஆனால் கூட நிற்கிற போலீஸ்காரர் சும்மா இருப்பாரா? அந்த போனுக்கு முந்தைய வருஷம் வேறொரு சாலையில் என் தட்டின் மேலேயே அண்ணனின் வண்டி வந்து ஏறியது. ஜவ்வரிசி மூட்டை இறக்கிவிட்டு, இரும்புக் கம்பி ஏற்றிக்கொண்டு திரும்பிய வண்டி. அதை இரண்டு நாள் நிறுத்திவைத்துவிட்டார்கள். அண்ணன் குமரேசன் ஒரு மாதம் என்னோடு பேசவில்லை. எனக்குப் படிப்புக்குப் பணம் கட்டியவர், கல்யாணத்துக்கு வண்டியை விற்றவர்.

ஆகையால் அடுத்த முறை நானே போன் பண்ணினேன்.

"அண்ணா, வர்ற திங்கள், செவ்வாய், புதன். கிழக்கு ரோட்டுப் பக்கம் நம்ம வண்டிய விடாதீங்க."

"ஏனம்மிணி, தட்டு போடறீங்களா?"

"கேக்காதீங்கண்ணா. விடாதீங்கன்னா விடாதீங்க."

"செரி, செரி. நம்ம பசங்ககிட்ட மட்டும் சொல்லிடறேன்."

நம்ம பசங்க! உங்களுக்குத் தெரியாதா, நம்ம பசங்க என்றால் எத்தனை பேர் என்று? ஒரு டிரைவர் இன்னொரு டிரைவருக்குச் சொல்லுவான். அவன் டாபாவில் பக்கத்துக் கட்டிலில் சாய்ந்திருக்கிற சர்தார்ஜிக்குச் சொல்லுவான். அதில் தப்பே கிடையாது. ரோட்டில் பிழைக்கிறவர்கள் ஒருத்தருக்கொருத்தர் அப்படித்தான். அதை யாரைவிடவும் நன்றாகத் தெரிந்தவள் நான். தெரிந்தும் பேசினேன்.

4

முதல் நாள் லாரிகள் வந்தன. காலி லாரி, பாதி லாரி, பஞ்சு மூட்டை, பிளாஸ்டிக் குடம். தட்டு முள் அசையவே இல்லை. கூட வேலை பார்த்தவர்கள், "மேடம், இந்த ரோட்டில் எல்லாரும் உத்தமர்கள்" என்று சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

இரண்டாம் நாள் மத்தியானம் சாப்பிடப் போனோம். ஆறேழு கிலோமீட்டர் தள்ளி ஒரு டாபா. உள்ளே நுழைய முடியவில்லை. டாபாவிலும், அதை அடுத்த பெட்ரோல் பங்க்கிலும், அதற்கடுத்த காலி மனையிலும் லாரிகள். பஞ்சாப், ஹரியானா, ராஜஸ்தான், நம் நாமக்கல் நம்பர் பிளேட். எல்லாவற்றிலும் டயர் பிதுங்கிக்கிடந்தது. தார்ப்பாய்க்கு மேல் கயிறு நரம்பு மாதிரி இழுத்துக்கொண்டு நின்றது. டிரைவர்கள் நிழலில் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். ஒருவர் ஸ்டவ்வைப் பற்றவைத்துச் சோறு வடித்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு எழுந்துவந்தார்.

"ஏனுங் அம்மிணி, குமரேசண்ணன் தங்கச்சிங்களா? சௌக்கியமா இருக்கறீங்களா? நாளைக்கோட முடிஞ்சிருமுங்களா, இல்ல இன்னும் இழுக்குமுங்களா?"

"முடிஞ்சிரும்" என்றேன். வேறென்ன சொல்வது? சாப்பிடுங்க என்றார். வேண்டாம் என்று வந்துவிட்டேன்.

நான் அளந்துகொண்டிருந்தது அந்தச் சாலையை இல்லை. அந்தச் சாலையில் போகவேண்டிய லாரிகளெல்லாம் இங்கே நின்று சோறாக்கிக்கொண்டிருந்தன. அப்போதே சொல்லியிருக்கலாம். கணக்கெடுப்பை ரத்து செய்து வேறு மாதம் வைத்திருக்கலாம். அதற்குப் போலீசுக்கு ஒரு கடிதம், ஜில்லா ஆபீசுக்கு ஒரு கடிதம், எல்லாவற்றிலும் 'ஏன் ரத்து' என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை எழுதப் பயந்து வாயை மூடிக்கொண்டேன். எண்களைக் கூட்டி வகுத்து, அழகாகப் பைண்ட் பண்ணி அனுப்பினேன்.

என் எண்ணைத் தரநூலின் அட்டவணையில் வைத்துப் பார்த்தார்கள். தாரின் கனம் இரண்டு விரல் குறைந்தது. செலவு குறைந்ததால் எல்லாருக்கும் சந்தோஷம். அளக்காத சாலைகளுக்கென்று நூலில் ஒரு பொது எண் இருக்கிறது. அதைப் போட்டிருந்தாலே ரோடு பிழைத்திருக்கும். நாங்கள் அளந்தோம் அல்லவா, அளந்த எண்ணுக்குத்தான் மரியாதை. தரநூலில் ஒரு வரிகூட மீறாமல் போட்ட சாலை அது. என் எண்ணைத் தவிர அதில் எல்லாமே சரி.

5

குழு வேலைக்காக அந்தச் சாலையைத் துளையிட்டோம். வட்டமான கத்தியால் அறுத்து, தார் அடுக்கை மேலிருந்து கீழ்வரை ஒரு உருளையாக எடுப்பது. பன்னிரண்டு இடத்தில் எடுத்தோம். தினேஷ் ஒரு ஓரமாக நின்றுகொண்டிருந்தான். அவனை யாரும் கூப்பிடவில்லை, அவனாக வந்தான். கையில் தடியாக ஒரு பதிவேடு. தார்க் கலவை ஏற்றி வந்த ஒவ்வொரு டிப்பரின் சூட்டையும் தன் கையாலேயே எழுதிவைத்திருந்தான். சூடு குறைந்து வந்த வண்டிகளுக்கு நேராக, 'திருப்பி அனுப்பப்பட்டது' என்று சிவப்பு மை.

"மேடம், மைனே ஏக் பீ டண்டி காடி நஹீன் லீ" என்றான். ஆறிப்போன ஒரு வண்டியைக்கூட நான் ஏற்கவில்லை மேடம்.

உருளைகளை அளந்தேன். வரைபடத்தில் சொன்ன கனம், ஒரு மில்லிமீட்டர்கூடக் குறையவில்லை. தாரின் அளவு சரி. ஜல்லி சரி. இருபத்தைந்து வருஷத்தில் இவ்வளவு ஒழுங்காகப் போட்ட சாலையை நான் பார்த்ததில்லை. பன்னிரண்டில் இரண்டில் மட்டும் இறுக்கம் ஒரு துளி குறைவு. எந்தச் சாலையில் வெட்டினாலும் அப்படி இரண்டு வரும்.

குழுவின் தலைவர் ஓய்வுபெற்ற பெரிய இன்ஜினியர். நல்ல மனுஷர், சத்தம் போட்டுப் பேசமாட்டார். அந்த இரண்டு உருளைகளையும் தனியே எடுத்துவைத்து, "தேவயானி ஜி, யஹீ காஃபி ஹை" என்றார். இது போதும்.

"சார், இவ்வளவு நன்றாகப் போட்ட ரோடு இப்படி இறங்காது. கணக்கில் வைத்ததைவிட அதிக எடை ஓடுகிறது."

அவர் அறிக்கைப் படிவத்தை என் பக்கம் திருப்பினார். பழுதுக்கான காரணம் என்று மூன்று கட்டம்: பொருள், செய்நேர்த்தி, பராமரிப்பு.

"எடை எங்கே இருக்கிறது ஜி, காட்டுங்கள்."

"நாலாவதாக ஒரு கட்டம் போடலாமே சார்."

"எடைக் கணக்கு அங்கீகரிக்கப்பட்ட ஆவணம். அதைத் திறந்தால் அதை ஒப்புக்கொண்ட அத்தனை பேரையும் கூப்பிட வேண்டும். சரி, திறப்போம். அந்தக் கணக்கு தப்பு என்பதற்கு உங்களிடம் ஆதாரம் இருக்கிறதா?"

இருந்தது. அவர் எதிரில் நாற்காலியில் உட்கார்ந்திருந்தது.

"இல்லை சார்" என்றேன்.

அன்று சாயங்காலம் அண்ணனுக்குப் போன் போட்டேன். அழுதேன். "அட விடு அம்மிணி, நீயா அந்தப் பிள்ளையத் தள்ளிவுட்ட? நம்ம வண்டியே அந்தப் பள்ளத்துல எறங்கி ரெண்டு பட்டை ஒடஞ்சு நின்னுச்சு. எவன் கேட்டான்?" என்றார். விசாகப்பட்டினத்துக்கு மாற்றலாகிப் போயிருக்கும் வீட்டுக்காரரிடம் சொன்னேன். அவருக்கு எங்கள் மகள் ஞாபகம்தான் முதலில் வந்தது. "மித்ராவுக்குக் கல்யாணம் ஆகணும் தெய்வானை. வாயை மூடிட்டு இரு" என்றார். என் முழுப் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டு எத்தனையோ வருஷமாயிருந்தது.

அறிக்கையின் வாசகத்தை எழுதும் வேலை என்னுடையது. 'செய்நேர்த்திக் குறைபாடே காரணம்' என்று தலைவர் குறித்துக் கொடுத்திருந்தார். நான் அதை 'செய்நேர்த்திக் குறைபாடும் ஓரளவு காரணமாக இருக்கக்கூடும்' என்று மாற்றினேன். அந்த 'ஓரளவு' என்ற சொல்லுக்காக ஒரு மணி நேரம் வாதாடினேன். பெரிய வீராங்கனை! வாதாடி ஜெயித்துவிட்டு, வீட்டுக்கு வருகிற வழியில் மெட்ரோவில் எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள், அதை நினைத்தால் இப்போது என் மேலேயே எனக்குக் குமட்டுகிறது.

6

என் மகள் மித்ராவுக்கு இருபத்து மூன்று வயது. நொய்டாவில் ஒரு செய்திச் சேனலில் வீடியோ எடிட்டர். மயூர் விஹாரில் தமிழ்ப் பள்ளி இருக்கிறது. ஐந்தாவதுவரை அதில் படித்தாள். அப்புறம் எல்லாரையும் போல நாங்களும் மாற்றிவிட்டோம். நான் தமிழில் கேட்பேன், அவள் இந்தியில் பதில் சொல்லுவாள். "சாப்பிட்டியா?" "கா லியா மம்மா." இப்படியே ஓடுகிறது வீடு. சண்டைகூட இரண்டு பாஷையில்தான்.

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் கீழேயிருந்து வாட்ச்மேன் இன்டர்காமில் கூப்பிட்டார். தினேஷ் என்று ஒருத்தர் வந்திருக்கிறார், அனுப்பலாமா? அனுப்புங்கள் என்றேன். வேறெப்படிச் சொல்வது?

மனைவியையோ குழந்தையையோ கூட்டிவரவில்லை. துணிப்பையில் அவன் ஊர் வெல்லம் கொண்டுவந்திருந்தான். மெலிந்திருந்தான். உட்காரச் சொன்னேன். மித்ரா சாய் போட்டுக் கொண்டுவந்து வைத்துவிட்டு, அவளும் சோபாவின் ஓரத்தில் உட்கார்ந்துகொண்டாள்.

விஷயத்தை அவனே சொன்னான். அரசு வேலைகளில் இனி தரக் கட்டுப்பாட்டில் நிற்க அவனுக்கு அனுமதி இல்லை. கம்பெனி நீக்கிவிட்டது. காஜியாபாத்தில் ஒரு ரெடிமிக்ஸ் கான்கிரீட் ஆலையில் சீட்டுக் கிழிக்கிற வேலைக்குப் போகிறான். ஆனால் வழக்கில் பெரிய சட்டப் பிரிவைக் கைவிட்டுவிட்டார்கள். வக்கீல் சொன்னாராம், அறிக்கையில் 'ஓரளவு' என்று ஒரு சொல் இருந்ததால்தான் மறுபடி ஜெயிலுக்குப் போகாமல் தப்பித்தாய், அதை எழுதியது யாரென்று விசாரித்துப் போய்க் கும்பிட்டுவிட்டு வா என்று.

"மேடம், அந்தக் கமிட்டியில் நான் செய்த வேலையைக் கண்ணால் பார்த்தவர் நீங்கள் ஒருத்தர்தான். ஆப்னே பச்சா லியா" என்று சொல்லிக்கொண்டே குனிந்தான். காப்பாற்றிவிட்டீர்கள் என்று என் காலைத் தொட வந்தான். நான் காலை இழுத்துக்கொண்டேன். பெரியவர்கள் கூச்சத்தில் செய்கிறதாக நினைத்திருப்பான்.

மித்ரா என்னைப் பார்த்தாள். அவள் கண்ணில் அப்படி ஒரு பெருமை. பத்து வருஷமாக அவள் என்னை அப்படிப் பார்த்ததில்லை. "மம்மா, ஆப்னே தோ கபி பதாயா ஹீ நஹீன்" என்றாள். நீ சொல்லவே இல்லையே. பிறகு அவனிடம், "எங்கள் அம்மா இப்படித்தான், ஆபீஸில் நடப்பது எதையும் வீட்டில் சொல்லமாட்டாள்" என்று இந்தியில் சிரித்தாள். அவனும் சிரித்தான். என் வீட்டு ஹாலில் இரண்டு பிள்ளைகள் உட்கார்ந்து என்னைப் புகழ்ந்துகொண்டிருந்தார்கள்.

எனக்குத் தாங்கவில்லை. வாயைத் திறந்தேன். எனக்கு இந்தி தெரியும். சப்ஜி மண்டியில் பேரம் பேசுவேன், சைட்டில் நாற்பது பேரை அதட்டி வேலை வாங்குவேன். ஆனால் அன்றைக்கு வந்தது தமிழ்தான்.

"தினேஷ், உன் மேல ஒரு தப்பும் இல்லை. நீ போட்ட ரோடு நல்ல ரோடு. அந்த எடைக் கணக்கு எடுத்தது நான். லாரியெல்லாம் மூணு நாள் வராம நின்னுச்சு. நான்தான் எங்க அண்ணனுக்குப் போன் பண்ணிச் சொன்னேன். எனக்கு அப்பவே தெரியும். தெரிஞ்சும் கையெழுத்துப் போட்டேன். கமிட்டியிலயும் கேட்டாங்க, இல்லைன்னு சொன்னேன். அந்தப் பொண்ணு செத்ததுக்கும் நான்தான், உன் வேலை போனதுக்கும் நான்தான்."

மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டேன். அவனுக்கு ஒன்றும் புரியவில்லை. மேடம் ஏன் அழுகிறார் என்று பதறிப்போய் மித்ராவின் பக்கம் திரும்பினான்.

"தீதி, மேடம் க்யா கஹ் ரஹீ ஹைன்?" என்ன சொல்கிறார்?

மித்ரா அவனைப் பார்க்கவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்தில் இருந்த அந்தப் பெருமை போவதை நான் கண்ணால் பார்த்தேன். ஒரு சொல் விடாமல் அவளுக்குப் புரிந்திருந்தது. பிறகு மேஜையிலிருந்த கிளாஸை எடுத்து அவன் கையில் கொடுத்தாள்.

"மம்மி சொல்கிறார்கள், உங்கள் கஷ்டத்தைக் கேட்டு மனசு தாங்கவில்லையாம். சாய் ஆறுகிறது, குடியுங்கள்" என்றாள் இந்தியில். செய்தி வாசிக்கிறவள் மாதிரி, ஒரு தடுமாற்றம் இல்லாமல்.

அவன் கண் கலங்கிவிட்டது. பெரியவர்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட பிள்ளையாக, ஒரே மூச்சில் குடித்தான். நன்றாக இருக்கிறது என்றான். நான் இந்தியில் ஒரு வாக்கியம் சொன்னால் போதும். அவள் சொன்னது பொய் என்று சொன்னால் போதும். சொல்லவில்லை. லிஃப்ட்வரை கூடப் போனேன். மறுபடி கும்பிட்டான். நானும் கும்பிட்டேன்.

திரும்பி வந்தபோது மித்ரா கதவைத் தாழ்போட்டுவிட்டு அதன் மேல் சாய்ந்து நின்றாள். "ஏன் சாமி அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"உன்னைப் பிடிச்சுட்டுப் போயிடுவாங்கம்மா" என்றாள். தமிழில் சொன்னாள். ஒரு இந்திச் சொல்கூடக் கலக்காமல், என் ஊர்ப் பேச்சில், சின்னப் பிள்ளையில் பேசியது மாதிரி. என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"யாருகிட்டயும் சொல்லாதம்மா. இனிமே தமிழ்லகூடச் சொல்லாத."